திரிந்த நிலமும் திறனாய்வாளரும்

தமிழ்ப் புனைகதையில் இயற்கை என்று பேசத் தொடங்கியதும் நம் திறனாய்வாளர் ஒரு பட்டியலை நீட்டுவர். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) வரும், சா. கந்தசாமியின் 'சாயாவனம்' (1969) வரும். தகுதியான நூல்களே, மறுப்பில்லை. ஆனால் டி. செல்வராஜின் 'தோல்' அப்பட்டியலில் இடம்பெறக் காண்பது அரிது. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லி, 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலுக்கு 'உழைப்பாளர் இலக்கியம்' என்று வேறோர் அடுக்கை ஒதுக்கிவிட்டனர். மரம் வீழ்ந்தால் இயற்கை. மனிதன் வீழ்ந்தால் தொழிற்சங்கம்! இப்பாகுபாடு பொய்யானது.

பாலாற்றங்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை அலசும் கையும், மாலையில் கிணற்று நீரை இறைக்கும் கையும் ஒன்றே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தொழில், 1970களுக்குப் பின் ஏற்றுமதியை முன்னிட்டுக் குரோமிய உப்பைப் பெரிதும் நாடிற்று. அதன் விலையைத் தொழிலாளியின் உடலும் ஆற்றின் மணலும் ஒருசேரக் கொடுத்தன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே, 2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிய பத்துப் பேர் கழிவில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். திறனாய்வாளரைக் கேட்கிறேன்: இச்சாவை எந்த அடுக்கில் வைப்பீர்கள்?

"கழிவுநீர் செய்தித்தாளுக்குரியது, இலக்கியத்துக்கு அழகு வேண்டும்" என்பர். இளங்கோவடிகள் அவ்வாறு கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் அவர். பாலை தனி நிலமன்று. நிலத்துக்கு நேர்ந்த கேடு. அவர் கண்ட பாலையை ஆக்கியது வேனில். பாலாற்று மருதத்தைப் பாலையாக்கியது மனிதன். திணை மரபைப் போற்றிக்கொண்டே இந்தப் பாலையைக் காண மறுப்பது மரபுப்பற்றாகுமோ?

"தொழிற்சாலைதானே சோறிடுகிறது, எழுதினால் பிழைப்பு கெடாதா?" என்று கேட்போரும் உளர். இக்கேள்வி நேர்மையானது. எனவே இதற்கு ஏளனம் விடையாகாது. சோறிடும் கையே தண்ணீரைப் பறிக்கும்போது ஒரு தந்தை எதைத் தெரிந்துகொள்வான்? தன் மகனை அதே தொட்டிக்கு அனுப்புவானா, ஊரைவிட்டு அனுப்புவானா? இழப்பீட்டைக் கணக்கிட நீதிமன்றத்தால் முடியும்; அம்மனிதனின் ஓர் இரவைச் சொல்ல அதனால் முடியாது. அது கதாசிரியனின் கடமை. அவன் எழுதும்போது, அதை இயற்கையைப் பற்றிய நூலென்றே ஏற்கும் துணிவு வாசகராகிய நமக்கு வேண்டும்.