சோற்றில் குச்சியை நட்டு வைத்தேன்!

என் கணவரின் வேலை நிமித்தமாக சில வருடங்கள் ஜப்பானில், ஓசாகாவில் குடியிருந்தோம். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வேர்க்கடலையைக் குச்சியால் பொறுக்கிப் பொறுக்கி ஒரு மாதமாகப் பழகியிருந்தேன். 'நமக்குத்தான் நல்லா வருதே' என்று பெருமை வேறு!

நடுவில் டீ குடிப்பதற்காக, குச்சிகளைச் சோற்றுக் கிண்ணத்தில் நட்டு வைத்தேன். பேச்சு சட்டென்று நின்றது. அந்த வீட்டுப் பாட்டி தலையைக் குனிந்து கொண்டார். அந்த அம்மாளோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் குச்சிகளை எதிரே இருந்த சிறிய தாங்கியில் படுக்க வைத்துக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் குச்சியை நட்டு வைப்பார்களாம். பாட்டியின் கணவர் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு உடம்பே கூசிவிட்டது.

ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கொடுப்பதும் கூடாது. தகனம் முடிந்தபின் உறவினர்கள் குச்சிகளால்தான் எலும்பை எடுத்துக் கலசத்தில் இடுகிறார்கள். அந்த ஞாபகம் சாப்பாட்டில் வரலாமா? தட்டில் வைத்தால் அவர்களே எடுத்துக் கொள்வார்கள். குச்சியால் ஆளைச் சுட்டுவது, உணவைக் குத்தி எடுப்பது, எதை எடுக்கலாம் என்று கிண்ணங்கள் மேல் அலைய விடுவது எல்லாமே தப்பு. ஆனால் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடலாம். நூடுல்ஸை 'சர்ர்' என்று உறிஞ்சலாம். சாப்பிடுமுன் 'இடடாகிமாஸ்' என்பார்கள். பணிவோடு பெற்றுக் கொள்கிறேன் என்று பொருள்.

நம்மிடம் மட்டும் இல்லையா? கல்யாணச் சாப்பாட்டில் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம்; துக்க வீட்டில் எதிர்ப்பக்கம். வெளியூர்க்காரர் மாற்றி மடித்தால், "இதுகூடத் தெரியலையே" என்று முணுமுணுப்பவர்கள்தானே நாம்? நம் பிள்ளைகளிடமும் "அப்படிச் செய்யாதே" என்று அதட்டுகிறோமே தவிர, ஏன் என்று சொல்வதில்லை.

தோழிகளே, காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். விருந்தாளி தவறினால், அந்த அம்மாளைப் போல் சத்தமில்லாமல் திருத்துவோம். அடுத்த வீட்டுக்குச் சாப்பிடப் போகுமுன், அவர்கள் மனம் எதில் நோகும் என்றும் கேட்டு வைத்துக் கொள்வோம். ஒரு மாதம் வேர்க்கடலை பொறுக்கிய நான், அதை ஒருநாள் கேட்டிருந்தால் போதுமே!

– ஒரு வாசகி, திருச்சி.