எந்தச் சொற்களை மனப்பாடம் செய்வது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வரும் ஊர் தாமல். இது போன்ற ஊர்களின் தறி வீடுகளிலிருந்து கல்லூரிக்கும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் போகும் இளைஞர்களுக்கு ஆங்கிலம் அன்றாடத் தேவை. அதற்காக அவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் 'தினம் பத்துச் சொல்' வகைப் பட்டியல்கள். அவற்றில் 'கார்ருலஸ்' இருக்கும், 'எஃபெமரல்' இருக்கும். அவற்றின் பொருளை ஒப்பிக்கிற அதே மாணவர், வங்கிக் கடன் பத்திரத்தில் வரும் 'லயபிலிட்டி'யிலும் 'அன்லெஸ்' என்று தொடங்கும் நிபந்தனையிலும் தடுமாறுகிறார். நம் சொல் பயிற்சி நடுப்படிகளை விட்டுவிட்டு உச்சிப்படிக்குத் தாவுகிறது என்பதே என் வாதம்.

எந்தச் சொற்களைக் கற்பது என்ற கேள்வியை முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர், வங்காளத்தில் இந்தியக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட். இருமொழிக் கல்வி பற்றி 1926-இல் வெளியான அவரது நூல், படிப்பைப் பாதியில் நிறுத்தும் மாணவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இடையில் நிறுத்திய காப்பீட்டு பாலிசிக்கும் ஒரு சரண்டர் மதிப்பு உண்டு. அதுபோல, எந்த வகுப்போடு நின்றாலும் அதுவரை கற்ற ஆங்கிலம் கைகொடுக்க வேண்டும் என்றார். 1953-இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்கள்தாம். சாதாரண ஆங்கில உரைநடையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவையும் அவற்றின் கிளைச்சொற்களுமே நிரப்புகின்றன. பின்னர் 2000-ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் கிளைச்சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), கல்லூரிப் பாடநூல் போன்ற எழுத்தில் இன்னும் ஒரு 10 சதவீதத்துக்குப் பொறுப்பேற்கின்றன. அகராதியைப் புரட்டாமல் நாவலும் செய்தித்தாளும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷனின் 2006-ஆம் ஆண்டுக் கணக்கு. அபூர்வச் சொற்களின் முறை அதற்குப் பிறகுதான். எங்கும் எதிர்ப்படாத சொல் நினைவில் தங்குவதும் இல்லை.

போட்டித் தேர்வில் கேட்கிறார்களே என்பது முதல் மறுப்பு. மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் ஒத்த சொல், எதிர்ச்சொல் கேட்பது உண்மைதான்; மூன்று மாதத்தில் தேர்வெழுதப் போகிறவர் பட்டியலைப் படிக்கட்டும். ஆனால் அதே தேர்வில் வரும் பத்தியைப் படித்துப் பதிலளிக்கவும், இடைவெளிகளை நிரப்பவும் நடுத்தரச் சொற்கள் கைவசம் இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் நுழைவுத் தேர்வுகளில் ஜி.ஆர்.இ. 2011-இல் எதிர்ச்சொல் கேள்விகளைக் கைவிட்டது, எஸ்.ஏ.டி. 2016-இல் அரிய சொற்களை ஒதுக்கி, பத்தியில் ஒரு சொல் என்ன பொருளில் வருகிறது என்று கேட்கத் தொடங்கியது. நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆங்கில வினாத்தாள்களோ இன்றும் ஒத்த சொல், எதிர்ச்சொல்லோடுதான் தொடங்குகின்றன. பாடத்தில் வந்த சொற்களே என்பதால், நோட்ஸை உருப்போட்டவர் வாக்கியத்தைப் படிக்காமலே விடையைக் குறித்துவிடலாம்.

திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்துதானே நம் முன்னோர் புலவரானார்கள் என்றும் கேட்பார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொகுதி தொகுதியாக, விருத்தப் பாவில் அமைந்தது. அதை ஒப்பித்த பிள்ளை அடுத்துப் பாடம் கேட்ட அந்தாதியிலும் புராணத்திலும் அதே சொற்களை எதிர்கொண்டது. நிகண்டோடு நிறுத்திக்கொண்டவர் எவரும் புலவராகவில்லை. இந்த மரபு என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

வலுவான மறுப்பு வேறொன்று. வீட்டில் ஆங்கிலம் கேட்காத, புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு மலிவான பட்டியலை விட்டால் என்ன வழி? நியாயமான கேள்வி. பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு சொல்லைத் தமிழ்ப் பொருளோடு அட்டையில் எழுதி அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது நல்ல தொடக்கம் என்பதை நேஷனும் ஏற்கிறார். அந்த அட்டையில் எந்தச் சொல் ஏற வேண்டும் என்பதில்தான் விவகாரம். முதலில் வெஸ்ட்டின் 2,000, அடுத்து காக்ஸ்ஹெட்டின் 570. ஒவ்வொன்றோடும் ஒரு முழு வாக்கியம். கூடவே அவை திரும்பத் திரும்ப வரும் எளிய நூல்கள் வேண்டும். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்களை எழுப்பியது. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைந்த கதைப் புத்தகங்களை வெளியிடுகிறது. அந்தப் புத்தகங்களை இந்த நூலகங்களுக்கு வாங்கிப் போட அரசுக்குப் பெருஞ்செலவு ஆகாது. தேர்வுத் துறையும் தன் பங்குக்கு, படித்திராத ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து சொற்பொருள் கேட்கட்டும். கடன் பத்திரத்தை அடுத்தவர் உதவியின்றிப் படித்து, புரிந்த பிறகே கையெழுத்திடுகிற இளைஞரை உருவாக்கினால்தான் பள்ளி ஆங்கிலம் தன் வேலையைச் செய்ததாகும்.