சேமநிதியில் கை வைக்காதீர்கள்

மலேசியாவின் பினாங்கில், சூலியா தெருவில் பிழைப்பு நடத்தும் பலருக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. சிறு கடை, தட்டுக்கடை, தையல், நகை வேலை. மாதச் சம்பளமும் இல்லை, சேமநிதிக்கு முதலாளி போடும் பங்கும் இல்லை. மருத்துவக் காப்புறுதிச் சீர்திருத்தம் பற்றிய பேச்சை இவர்கள் இடத்திலிருந்துதான் எடைபோட வேண்டும்.

2024 இறுதியில் காப்புறுதிச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறும் என்ற செய்தி வந்ததும் நாடே கொதித்தது. டிசம்பர் 20இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அது மூச்சு வாங்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான். அடுத்து வந்த யோசனை, அடிப்படைக் காப்புறுதித் திட்டம் ஒன்றை அமைத்து, அதன் சந்தாவைச் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து கட்ட விடுவது. இதை நாங்கள் ஏற்கவில்லை. சேமநிதியே இல்லாத தட்டுக்கடைக்காரருக்கு இதனால் என்ன பயன்? இருப்பவருக்கோ முதுமைக்கு வைத்த காசு நடுவயதிலேயே கரையும். இருபத்தைந்தில் கட்ட முடிகிற சந்தா, நோய் வந்து சேரும் அறுபத்தைந்தில் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

சந்தாவை ஏற்றிவிடும் தனியார் ஆஸ்பத்திரி பில் எங்கே வீங்குகிறது என்பதும் தெரியாததல்ல. 1998ஆம் ஆண்டின் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் கீழ் டாக்டரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, ஊசி, கையுறை, பஞ்சு ஆகியவற்றுக்கு அப்படியொரு வரம்பு இல்லை. 2025 மே முதல் மருந்து விலையைக் காட்டி வைக்கச் சொன்னது நல்ல தொடக்கம். ஆனால் விலையைப் பார்த்துப் பேரம் பேசும் நிலையிலா நோயாளி படுத்திருக்கிறார்? வரம்பை அரசுதான் போட வேண்டும்.

எல்லாருக்கும் மருத்துவம் என்பதற்கான வழி அரசு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. அரசு கிளினிக்கில் குடிமக்கள் இன்றும் ஒரு வெள்ளியில் டாக்டரைப் பார்க்கலாம். உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத கொடை இது. ஆனால் விடியுமுன் நம்பர் எடுக்க நிற்கும் முதியவருக்கும், இரவு முழுக்க வார்டில் ஓடும் தாதிக்கும் அதன் விலை தெரியும். வரிப்பணத்தோடு, வருமானத்துக்கேற்ற பங்களிப்பும் சேர்ந்த ஒரே பொது நிதி வேண்டும். இல்லாதவர் பங்கை அரசு கட்ட வேண்டும். பக்கத்துத் தாய்லாந்து பணக்கார நாடான பிறகா தொடங்கியது? முறைசாராத் தொழிலாளர்களையும் சேர்த்து 2002இலேயே வரிப்பணத்தில் 30 பாட் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

இங்கே அப்படியொரு பொது மருத்துவ நிதிக்கான ‘ஒன் கேர்’ யோசனை 2012இல் முடங்கியது ஏன்? அந்த ஒரு வெள்ளியும் பறிபோகும் என்று மக்கள் பயந்தார்கள். பயத்தைத் தீர்க்கும் அளவுக்கு யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. பிறகு, சீர்திருத்தத்துக்கான சுகாதார வெள்ளை அறிக்கை 2023 ஜூனில் மக்களவையில் நிறைவேறியது. யார் எவ்வளவு கட்டுவது, அந்தப் பணம் யார் கையில் இருக்கும் என்ற கணக்கைச் சாமானியர் மொழிகளில், தமிழிலும், முன்வைக்காமல் இனி ஓர் அடியும் நகரக் கூடாது.

சாப்பாட்டுக்கடைப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இராமநாதபுரத்துப் பையனை அந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. அந்நியத் தொழிலாளர்களுக்கு 2011 முதல் கட்டாயமான காப்புறுதி, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கைகொடுக்கும். காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் அந்நியருக்கான கட்டணம். அதனால் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு வருகிறார். அவருக்கான லெவியை ஆண்டுதோறும் வாங்கும் அரசு, அதில் ஒரு பங்கை இந்தப் பொது நிதிக்கு ஒதுக்கட்டும்.