தாய்மையும் ஒரு சாண் காகிதமும்

தாய்மையைப் புகழாத மேடை நம் நாட்டில் இல்லை. தாயொருத்தி நாள்தோறும் செய்வதனை உற்று நோக்கினவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஒல்லாந்து தேசத்து ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669). அவருடைய பெரிய தைலவண்ணச் சித்திரங்களைப் பலரும் அறிவர். அவற்றினும் மேலாக மதிக்கத்தக்கவை என யாம் கருதுவன, சிறு காகிதத் துண்டுகளில் அவர் பேனாவும் மையும் கொண்டு கீறிய சிற்றோவியங்களே.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒன்றைக் காண்க. 1656-ஆம் ஆண்டளவில் வரைந்தது, ஒரு சாணுக்கும் குறைந்த அகலம் உடையது. நடை பயிலும் மதலை. இருபுறமும் அதனைப் பற்றிக் குனிந்த தாயும் தமக்கையும். எதிரே கைநீட்டிக் குந்தியிருக்கும் ஆடவர், தந்தை போலும். அப்பால் ஒருத்தி பால்வாளி தூக்கிச் செல்கின்றாள். அதன் பாரத்தை அவள் உடலே கூறுகின்றது. பால்கோவாவுக்குப் பேர்போன நம் வட்டாரத்தார்க்கு அதனை விளக்கவேண்டுவதில்லை. முகங்களுக்கு இரண்டொரு கீறலே. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி இதனினும் சிறந்த கோட்டோவியம் உலகில் இல்லை என்னும் கருத்தினர்.

பெர்லினில் உள்ள மற்றொன்றிலோ (சுமார் 1635) பிள்ளை வீறிட்டு உதைக்கின்றது. காலணி ஒன்று நழுவுகின்றது. பாட்டி விரல்காட்டி அதட்டுகின்றாள். இதில் மென்மை யாண்டுளது என்பார் உளர். சினத்திலும் தளராத தாயின் பிடியில் உளது என்போம்.

ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியா பெற்ற மக்கள் நால்வருள் மூவர் சிசுப்பருவத்திலேயே மாண்டனர். நான்காம் மகன் டைட்டஸ் 1641-இல் பிறக்க, மறு ஆண்டே தாயும் இறந்தாள். 1656-இல் கடன் இறுக்க இயலாது அவர் உடைமைகள் யாவும் பட்டியலிடப்பட்டன. நடைபயில் ஓவியம் அக்காலத்தது.

வன்னியம்பட்டிக்கு அணித்தாகிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் ஓர் ஆடவரே. அவர் யசோதை நிலையில் நின்று சப்பாணி, தளர்நடை, நீராட்டல் எனத் தாயின் பணிகளைப் பதிகம் பதிகமாகப் பாடினார். பக்திநூல் என்று மட்டும் அதனைப் பயிலும் மாணாக்கர், அவ்வீட்டைக் கூர்ந்து நோக்கிய கண்ணைத் தவறவிடுகின்றனர்.

மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்ட் வரைந்த பிரதிகள் இருபதுக்கு மேல் எஞ்சியுள்ளன. புகழ்பெற்ற பின்னும் நம் நாட்டாரிடம் கற்க அவர் நாணவில்லை. நம் மாணாக்கர் அவரிடம் கற்க ஒரு பேனாவும் பழைய நோட்டுத்தாளும் போதும். திண்ணையில் தங்கையை நடைபயிற்றும் அன்னையை வரைந்து பார்க்கட்டும். முதுகின் வளைவு முதல் நாளில் வாராது.