அழைப்பு யாருக்கு வந்தது?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஓர் அட்டை ஒட்டியிருக்கும். முப்பதை ஒட்டிய வயதில் ஓர் அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள், பெரும்பாலும் ஒரே நிறத்தில் சட்டை. கீழே அவர்கள் போகப்போகும் நாட்டின் பெயர், ஒரு வேத வசனத்தின் எண், எங்களுக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வரி. வெளிநாட்டு ஊழியத்துக்குத் தயாராகும் குடும்பத்தின் விசிட்டிங் கார்டு அது.

பல மிஷன் அமைப்புகள் இவர்களுக்குக் கையிலிருந்து சம்பளம் தருவதில்லை. மாதாமாதம் இவ்வளவு தருகிறோம் என்று தனியாட்களும் சபைகளும் வாக்குக் கொடுத்து, தேவையான தொகை சேர்ந்த பிறகுதான் விமானம் ஏற முடியும். அதற்கு ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை வேனில் ஊர் ஊராகப் போக வேண்டும். வீட்டை விற்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், மொழி படிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒரு சபையின் மேடையில் ஏழு வயதுப் பையன் புது மொழியில் வணக்கம் சொல்வான். கூட்டம் உருகிவிடும்.

எனக்கு அந்தப் பையனைப் பற்றித்தான் பேச வேண்டும். மதமாற்றம் சரியா தவறா என்ற பஞ்சாயத்தை நம் ஊரில் வேண்டிய அளவு பேசிவிட்டோம். ஒரு வயதுவந்த மனிதர் தன் நம்பிக்கைக்காகத் தன் வாழ்க்கையைத் தூக்கிக் கொடுப்பதில் எனக்குப் பிரச்சினையே இல்லை, மரியாதைதான். ஆனால் கடவுள் கூப்பிட்டது அப்பாவை. சில வீடுகளில் அம்மாவையும். பையனை யார் கூப்பிட்டது?

வில்லியம் கேரியை எல்லோருக்கும் தெரியும். செராம்பூர், பைபிள் மொழிபெயர்ப்புகள், வங்காள உரைநடை. டோரதி கேரியை எத்தனை பேருக்குத் தெரியும்? 1793இல் கேரி இந்தியாவுக்குக் கிளம்புகிறேன் என்றபோது அவர் மனைவி டோரதி மாட்டேன் என்றார். நிறைமாத கர்ப்பிணி. கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பியும்விட்டார். அந்தக் கப்பலில் போக முடியாமல் போனதால் திரும்பி வந்து மறுபடி கேட்டார்கள், வற்புறுத்தினார்கள். கடைசியில், தங்கச்சியும் கூட வந்தால் வருகிறேன் என்று டோரதி இறங்கிவந்தார். கைக்குழந்தையோடு சேர்த்து நான்கு பையன்கள். மறு வருடம் முட்னாபட்டியில் ஐந்து வயது பீட்டர் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான். அதன் பிறகு டோரதியின் மனம் கலங்கியது, 1807இல் சாகும்வரை தெளியவே இல்லை. வரலாற்றில் இது கேரியின் சிலுவையாக எழுதப்படுகிறது. எவ்வளவு பொறுமையாக அவளைச் சகித்தார் பாருங்கள் என்று. மாட்டேன் என்று முதலில் தெளிவாகச் சொன்னவள் கடைசியில் அவருடைய பாரமாக ஆகிவிட்டாள்!

டோரதிக்காவது கொஞ்ச நாள் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. பர்மாவுக்குப் போன அடோனிராம் ஜட்சன், ஆன் ஹாசல்டைனைப் பெண் கேட்டு அவள் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். இனி இந்த உலகத்தில் மகளைப் பார்க்க முடியாமலே போகலாம், அவள் பாடுபட்டுச் சாகவும் கூடும், சம்மதமா என்று அதில் நேராகவே கேட்டார். முடிவெடுத்தது ஆன். 1812இல் கல்யாணம் முடிந்த இரண்டே வாரத்தில் கப்பலேறினார்கள். கேட்க வேண்டியதை ஜட்சன் கேட்டார். அந்த நேர்மையை நான் குறை சொல்லவில்லை. ரங்கூனில் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதத்தில் இறந்தான். அடுத்து பிறந்த மரியா, தாய் இறந்த ஆறு மாதத்தில் போய்விட்டாள். அவர்களிடம் கேட்டு எழுதக் கடிதம் ஏது?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான வியாதி என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். சிறுத்தொண்டர் நம்மாள்தான். பிள்ளைக்கறி கேட்ட பைரவருக்காக மகன் சீராளனை அறுத்தவர். அப்போது பையன் சிரித்தான் என்கிறது பெரியபுராணம். அப்பா அம்மா சந்தோஷமாக இருக்கிறார்கள், அதனால் இவனுக்கும் சந்தோஷம். ஈசாக்காவது பலிக்கு ஆடு எங்கே என்று கேட்கிறான். இரண்டு கதையிலும் கடைசியில் கடவுள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பீட்டர் கேரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது யாரும் வயிற்றுப்போக்கில் சாவதில்லையே என்பீர்கள். சரி. இருபதாம் நூற்றாண்டில் ஆபத்து வேறு வடிவம் எடுத்தது. பணித்தளத்தில் பள்ளி இருக்காது என்பதால் ஆறு வயதிலேயே பிள்ளைகளை மிஷன் விடுதிக்கு அனுப்பினார்கள். நம் கொடைக்கானலில் 1901இல் ஹைகிளர்க் பள்ளி அமெரிக்க மிஷனரிப் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது. எல்லா விடுதியும் கொடுமைக்கூடம் இல்லை, நினைத்து நினைத்து உருகுகிற பழைய மாணவர்கள் ஏராளம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் மாமு என்ற ஊரில் இருந்த மிஷனரிப் பிள்ளைகள் பள்ளியில் அடியும் பாலியல் வன்முறையும் நடந்ததை, அந்தச் சபை அமைத்த விசாரணைக் குழுவே 1998இல் உறுதி செய்தது. பள்ளி மூடியது 1971இல். இடையில் கால் நூற்றாண்டு. ஏன் இத்தனை வருட மௌனம்?

என் பதில் இதுதான். நான் ஐடிக்காரன். ஆன்சைட் கிடைத்ததும் பிள்ளையைப் பாதி வகுப்பில் பிடுங்கிக்கொண்டு போய் டல்லாஸில் நடுகிறவர்கள் நாங்கள். நீ மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் பிள்ளை, "உன் கம்பெனி நாசமாப் போக, எனக்கு என் ஃப்ரெண்ட்ஸ் வேணும்" என்று கதவை அறைந்து சாத்தலாம். கம்பெனியைத் திட்ட அதற்கு உரிமை உண்டு, எங்களுக்குள்ளும் அது சரிதான் என்று ஒரு குரல் இருக்கும். மிஷனரியின் பிள்ளை யாரைத் திட்டும்? அப்பாவின் முதலாளி கடவுள். விடுதியில் அழுகிறேன் என்று எழுதினால் ஊழியம் கெடும், ஆத்துமாக்கள் கெட்டுப்போகும். ஆறு வயதுத் தலையில் இதை ஏற்றி வைத்தால் அது வாயைத் திறக்குமா? நைஜீரியாவில் மிஷனரிக் குடும்பத்தில் வளர்ந்து ஆறு வயதில் விடுதிக்குப் போன ரூத் வான் ரீக்கன், அப்போது பெற்றோருக்கு எழுத முடியாததையெல்லாம் பெரியவரான பிறகு கடிதங்களாக எழுதினார். புத்தகத்தின் தலைப்பே அனுப்பப்படாத கடிதங்கள்தான்.

நம் திருநெல்வேலியிலும் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வெளி மாநிலங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்களின் பிள்ளைகளும் விடுதிகளில் வளர்ந்திருக்கிறார்கள். மிஷனரி அண்ணனையும் அக்காவையும் மேடையில் ஏற்றிச் சாட்சி கேட்கிறோம். தம்பி, பாப்பா, உங்களுக்கு அங்கே பிடிச்சிருக்கா என்று தனியாகக் கூப்பிட்டு, அப்பா அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேட்ட சபை எத்தனை?

எங்கள் தொழிலில் புரொடக்‌ஷனுக்குப் போகும் எந்த மாற்றத்துக்கும் ரோல்பேக் திட்டம் கேட்போம். போனது சரிப்படவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவாய்? பதில் இல்லாமல் அனுமதி கிடையாது. அனுப்பும் சபைகள் இந்த ஒன்றையாவது எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பெண் என்னால் முடியலப்பா என்று சொன்னால் மொத்தக் குடும்பமும் திரும்பி வரலாம், மறுபடி குடியேறும்வரை வாக்குக் கொடுத்த பணம் நிற்காது, ஊழியத்தில் தோற்றவன் என்று யாரும் பேசமாட்டோம். இதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற வார்த்தையில் படித்துக் காட்டட்டும். அப்புறம் ஒட்டட்டும் அட்டையை. அதுவரைக்கும் பிள்ளைகளின் முகத்தை அதில் போட வேண்டாம்; அப்பா அம்மா படம் மட்டும் போதும்.