குடும்பக் கணக்கு: மாணவர் விலையில் மடிக்கணினி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரி இடங்களும் ஒவ்வொன்றாக உறுதியாகி வரும் நாள்கள் இவை. மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்பொழுது இரண்டு செலவுகளைப் பற்றியே பேச்சு. ஒன்று கட்டணம், மற்றொன்று மடிக்கணினி. கட்டணத்தில் பேரம் பேச இடமில்லை. மடிக்கணினியில் இடம் உண்டு. ஆயினும் அவ்விடம் எங்கே இருக்கிறதென்று அறியாமல், கடைக்காரர் சொன்ன தொகையை எண்ணி வைத்துவிட்டு வருவோரே மிகுதி.

எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர் சென்ற வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “தம்பி, ரயிலில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் உண்டே, அதுபோல லேப்டாப்புக்கும் உண்டாமே? கடையில் போய் மகளுடைய காலேஜ் பெயரைச் சொன்னால் போதுமா?” என்று கேட்டார். “உண்டு, அக்கா, ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது” என்றேன். அதன் விரிவை இத்திங்கள் எழுதுகிறேன்.

அம்மையார் ரயிலை ஒப்புக்குச் சொன்னது பொருத்தமே. 2020 மார்ச்சில் ரயில்வே பல சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. சொந்த ஊருக்குச் செல்லும் மாணவர்க்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 50 விழுக்காடு, பட்டியல் இன, பழங்குடி மாணவர்க்கு 75 விழுக்காடு என்று விதி அச்சிடப்பட்டிருக்கிறது. கல்லூரித் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினால், எந்த நிலையத்துச் சாளரத்திலும் ஒரே கணக்குத்தான். வணிக நிறுவனங்களின் சலுகைக்கு அத்தகைய பொது விதி கிடையாது. எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர்களே வகுக்கிறார்கள், அவர்களே மாற்றுகிறார்கள். ஆதலின் சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய கணக்கை இவ்வாண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

எடுத்துக்காட்டாக ஆப்பிள் நிறுவனத்தைப் பார்ப்போம். இந்தியாவில் அதன் இணையக் கடை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்திலும் தில்லி சாகேத்திலும் நேர்க் கடைகள் 2023 ஏப்ரலில் வந்தன. கல்லூரியில் படிப்பவர்க்கும், புதிதாக இடம் கிடைத்தவர்க்கும், அவர்களுக்காக வாங்கும் பெற்றோர்க்கும், ஆசிரியர்க்கும் அந்நிறுவனம் தனி விலை வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர் வெளிவந்தபோது பொது விலை ரூ. 99,900, மாணவர் விலை ரூ. 89,900. பத்தாயிரம் ரூபாய் என்பது மாதச் சம்பளத்தில் வாழும் நமக்குச் சிறு தொகையன்று; விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாத உணவுச் செலவு. டெல், எச்.பி., லெனோவோ ஆகிய நிறுவனங்களும் தத்தம் இணையக் கடைகளில் மாணவர்க்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. பொதுப் பக்கத்தில் நுழைந்து வாங்கிவிட்டுப் பின்னர்ச் சலுகை கேட்பதில் பயனில்லை. மாணவர் பக்கத்தின் வழியாகவே நுழைய வேண்டும்.

நுழைவதற்கு வேண்டிய சாவி, மாணவர் என்பதற்கான சான்று. இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஐ.ஐ.டி. போன்ற கல்வி நிலையங்களில் சேர்ந்தவுடன் கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் முகவரி தந்துவிடுகிறார்கள். அதன் வாலில் ‘ஏ.சி.இன்’ என்றோ ‘எடு.இன்’ என்றோ இருக்கும். அவ்வகை முகவரிகளைக் கல்வி நிலையங்கள் மட்டுமே பெற முடியும் என்பதால் நிறுவனங்கள் அவற்றை நம்புகின்றன. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வதோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகளில். அவற்றுள் பலவற்றில் மாணவர்க்கு மின்னஞ்சல் தரும் வழக்கமே இல்லை. அத்தகையோர் சோர்ந்துவிட வேண்டா. ஆப்பிள் நிறுவனம் சரிபார்க்கும் வேலையை யுனிடேஸ் என்ற அமைப்பிடம் விட்டிருக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர் அடையாள அட்டை போன்ற ஆவணத்தைப் படம் பிடித்து அங்கே அனுப்பலாம். மாணவர் பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டு ஆகிய மூன்றும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆண்டு இல்லாத அட்டைதான் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறது. அட்டை இன்னும் வரவில்லையெனில் கல்லூரி அலுவலகத்தில் ‘போனஃபைட்’ சான்றிதழ் கேட்டு வாங்குக. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் கிடைப்பதுதான். ஆனால் கேட்கக் கூசுகிறோம். பையனையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். இனி அவன் கேட்டு வாங்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஆதலின் அவசரம் வேண்டா. இடம் உறுதியான அன்றே மடிக்கணினி வாங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பில், சான்று கைக்கு வருமுன் பொது விலையில் வாங்கி விடுகிறோம். முதற் பருவத்தின் தொடக்கத்தில் அது இன்றியமையாததா என்று துறையில் விசாரித்துக்கொள்ளலாம்; பல பாடங்களுக்குக் கல்லூரி ஆய்வகக் கணினியே சில வாரங்களுக்குப் போதும். அந்தச் சில வாரங்களுக்குள் அட்டையும் வந்துவிடும். என்ன பொறி வேண்டும் என்பதும் மூத்த மாணவர் வாயிலாகத் தெரிந்துவிடும். கட்டடக்கலை பயில்பவர்க்கு வேண்டிய பொறி வேறு, வணிகவியல் பயில்பவர்க்கு வேண்டிய பொறி வேறு.

வேறொருவர் பிள்ளையின் அட்டையைக் கடன் வாங்கிச் சலுகை பெறலாமே என்று யோசனை கூறுவோரும் உளர். அது எனக்கு உடன்பாடன்று. ஆண்டுக்கு இத்தனை என்று வரம்பு இருப்பதால், கொடுத்த பிள்ளைக்கே பின்னர் வேண்டும்போது இல்லாமற் போகலாம். சரிபார்த்துத் தருகிறேன் என்று ஆதார் எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்பவரிடம் அவற்றை ஒருபோதும் கொடுக்கலாகாது.

இனி விலைக்கு வருவோம். மாணவர் விலை எப்பொழுதும் குறைந்த விலை என்று எண்ணிவிடக் கூடாது. அது நிறுவனத்தின் பட்டியல் விலையிலிருந்து கழிக்கப்படுவது. கடைத்தெரு விலையோ வேறு. மேலே சொன்ன அதே எம்4 பொறி, 2025 ஆம் ஆண்டின் இணைய விற்பனை விழாக்களில் வங்கி அட்டைத் தள்ளுபடியும் சேர்ந்து, மாணவர் விலைக்கும் கீழே கிடைத்தது. நவராத்திரியை ஒட்டி வரும் பெரு விற்பனைகள் வரை காத்திருக்க இயலுமானால் அதையும் ஒப்பிட வேண்டும். கிராண்ட் ரோடு நிலையத்தருகே லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் ஒரு நாள் மாலை ஏறி இறங்கினால் மூன்றாவது விலை தெரியும். இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எழுதும்போது மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரு பொறிகளில் ஒன்றுக்கு 8 ஜி.பி. நினைவகமும் மற்றொன்றுக்கு 16 ஜி.பி.யும் இருக்கும். விலை குறைந்ததற்குக் காரணம் சலுகையன்று, நினைவகமே என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிந்து பயனில்லை.

லேமிங்டன் ரோட்டில் “பில் வேண்டாமென்றால் இன்னும் இரண்டாயிரம் குறைக்கிறேன்” என்று கூறும் கடைகளும் உண்டு. மடிக்கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. 59,000 ரூபாய்ப் பொறியில் 9,000 ரூபாய் வரி. பில் போடாத கடைக்காரர் ஒன்பதாயிரத்தை மறைத்து, நமக்கு இரண்டாயிரம் தருகிறார். பொறி பழுதானால் வாங்கிய நாளுக்குச் சான்றில்லாமல் நிற்பது நாம். நண்பருடைய கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்ற யோசனையும் நம்மிடையே உலவுகிறது. சொந்த உபயோகப் பொருளுக்கு அவ்வாறு வரவு எடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. உதவ வந்த நண்பரைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டா.

அடுத்து, தவணை. நம்மில் பலர் முழுத்தொகை கொடுத்து வாங்குவதில்லையாதலால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்பதொன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. நடப்பது யாதெனில், வட்டியின் அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி செய்கிறார். வங்கி அந்த வட்டியை நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. பொறியின் விலை ரூ. 60,000, மாதம் ரூ. 5,000 வீதம் 12 தவணை, வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொள்க. கணக்கிட்டால் வங்கி உண்மையில் கடனாகத் தருவது சுமார் ரூ. 55,397, மீதி ரூ. 4,603 வட்டி. இந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அஃதாவது ரூ. 829, நம் தலையில் விழும். அதற்கு மேல் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் அதற்குரிய வரியும் உண்டு. ஆக, ‘செலவில்லாத்’ தவணைக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகிறது. கையில் ரொக்கம் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “தவணைக்காரருக்கு நாலாயிரத்து அறுநூறு விட்டுக் கொடுக்கிறீர்களே, இன்றே முழுப்பணம் தருகிற எனக்கு என்ன குறைப்பீர்கள்?” எல்லாரும் குறைக்கமாட்டார்கள். கேட்டால் குறைப்பவர் சிலர் இருக்கிறார்கள்.

கல்விக் கடன் வாங்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையானால் நியாய விலையில் கணினி வாங்கும் செலவும் கடனுக்குரிய செலவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பலர் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, மடிக்கணினிக்குக் கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள். அட்டை நிலுவைக்கு வங்கி வாங்கும் வட்டியும் கல்விக் கடன் வட்டியும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பவை. விண்ணப்பம் எழுதும்போதே விலைப்பட்டியல் ஒன்றை இணைத்து அச்செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அம்மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நம் பங்காக முன்பணம் கேட்பதில்லை.

பிள்ளைகளை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் படிக்க வைப்போர் வாங்குமுன் ஒரு வார்த்தை கல்லூரியில் விசாரிப்பது நலம். கல்லூரி மாணவர்க்கு 2 ஆண்டுகளில் 20 லட்சம் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்க, தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு மாணவர் என்பதைக் கல்லூரி அலுவலகமே சொல்லும்.

பொறியின் விலையில் சில ஆயிரங்களுக்காக இத்தனை பாடுபடும் நாம், அதனுள் இயங்கும் மென்பொருளில் கிடைக்கும் சலுகையைக் கைவிட்டுவிடுகிறோம். என் கணக்கில் மாணவர் அட்டையின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் உள்ள மாணவர், அவர் கல்வி நிலையம் தகுதி பெற்றதாக இருந்தால், மைக்ரோசாஃப்டின் வேர்ட், எக்செல் முதலியவற்றை இணைய வழியில் இலவசமாகப் பயன்படுத்தலாம். பொறியியலும் கட்டடக்கலையும் பயில்வோர்க்கு வேண்டிய ஆட்டோகேட் மென்பொருளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்க்கு ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது; படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். அடோபி தள்ளுபடி தருகிறது. ஆனால் முதலாண்டு கழிந்ததும் விலை ஏறும் என்பதைப் பார்த்துச் சேர வேண்டும். இவையெல்லாம் இருக்க, கடைக்காரர் ‘எல்லாம் போட்டுத் தருகிறேன்’ என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திருட்டுப் பிரதியை ஏற்றித் தருகிறார். அதனோடு நச்சுநிரலும் ஏறிவந்து, செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் பொறி படுத்துவிட்ட வீடுகளை நான் அறிவேன்.

பழைய பொறி வாங்குவோர்க்கும் ஒரு சொல். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொறி எவ்வளவு மலிவானாலும் நான்காண்டுப் படிப்புக்கு உதவாது. லினக்ஸ் பழகிய பிள்ளையானால் வேறு செய்தி.

பொறி வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கல்லூரி திறக்கும் பருவச் சலுகைகளில் சில, விலைக் குறைப்பாக இல்லாமல், கூடுதல் உத்தரவாதமாகவோ, கீழே விழுந்து உடைந்தால் பழுதுபார்க்கும் காப்பாகவோ வருகின்றன. வாங்கியதும் அவை தாமாகவே கிடைத்துவிடுவதில்லை. குறித்த நாள்களுக்குள் பில்லையும் பொறியின் வரிசை எண்ணையும் நிறுவனத்தின் பக்கத்தில் பதிந்தால்தான் உண்டு. ஆதலின் வாங்கிய அன்று இரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதிந்துவிடுங்கள். பில்லின் எழுத்துக்கள் ஓராண்டில் மங்கிப் போகும். ஒரு நகல் எடுத்து, குடும்ப அட்டை வைத்திருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.