பாலத்தில் நிற்பவருக்கு எதற்கு விதி?

புளோரிடாவில் தம்பா விரிகுடாவின் வாயில் நிற்கும் ஸ்கைவே மீன்பிடி பாலங்கள், 1980 மே 9 அன்று சரக்குக் கப்பல் மோதி இடிந்து 35 பேரைப் பலிகொண்ட பழைய நெடுஞ்சாலைப் பாலத்தின் எஞ்சிய இரு முனைகள். 2023 அக்டோபர் 1 முதல் இங்கே ஒருவருக்கு இரண்டு தூண்டில்களுக்கு மேல் அனுமதியில்லை. ஆண்டுதோறும் ஓர் இலவசப் பாடத்தை முடித்தாக வேண்டும். நவம்பர் 16 முதல் மார்ச் 15 வரை பல முட்கள் கோத்த தங்கூசிக்கும் மும்முனை முள்ளுக்கும் தடை. கடலைக் காலி செய்வது படகுக்காரர்தான், பாலத்தில் நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவரை நெருக்குவது வெறும் கெடுபிடி என்ற பேச்சு இத்தகைய விதிகள் வரும்போதெல்லாம் எழுகிறது.

ஸ்கைவே விதிகள் மீனை எண்ணி வந்தவையே அல்ல. அவை கூழைக்கடாவுக்காக வந்தவை. இரைமீன் பிடிக்க ஒரே தங்கூசியில் ஆறேழு சிறு முட்களைக் கட்டி இறக்குவது வழக்கம். அது மேலே வரும்போது வெள்ளிபோல மின்னும் மீன்களைக் கண்டு பறவை பாய்கிறது. ஒரு முள் தாடைப் பையில் ஏறுகிறது, உதறும்போது அடுத்தது சிறகில் ஏறுகிறது. தங்கூசியை அறுத்துவிட்டால் பறவை பறந்துபோய்விடும், பிடித்தவருக்கும் தொல்லை தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் இரவு தங்கும் அலையாத்திக் கிளையில் அந்த அறுந்த தங்கூசி சிக்கி, பறவை தொங்கியே சாகிறது. கூழைக்கடாக்கள் திரளும் குளிர்காலத்துக்கு மட்டும் தடை வைத்ததன் காரணம் இதுதான். படகுக்காரரோடு ஒப்பிடுவதில் இங்கே பொருளே இல்லை.

சிறு மீனைத் திருப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பதும் சரியல்ல. அட்லாண்டிக் கரையில் திருப்பிவிடப்படும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்களில் 9 சதவீதம் பின்னர் இறப்பதாக மீன்வள நிர்வாகம் கணக்கில் கொள்கிறது. உயரமான பாலத்தில் மீன் தன் முழு எடையோடும் முள்ளில் தொங்கியபடி மேலேறுகிறது. வலைக்கூடை இறக்கித் தூக்குபவர் அதற்குக் கூடுதல் வாய்ப்புத் தருகிறார்.

உரிமம் வேண்டாத இடத்தில் விதியும் இல்லை என்ற எண்ணம் வெறும் குழப்பம். கலிபோர்னியாவின் பொதுப் பாலங்களில் தனி உரிமம் தேவையில்லைதான். ஆனாலும் மீனின் அளவும் எண்ணிக்கை வரம்பும் அங்கே அப்படியே பொருந்தும்.

படகுக்காரரோடு ஒப்பிட்டால் தூண்டில்காரர் பிடிப்பது ‘அற்பப் பங்கு’ என்ற வாதத்துக்கு ப்ளூஃபிஷ் மீனே பதில் சொல்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அதன் ஒதுக்கீட்டில் பெரும்பகுதி வணிகப் படகுகளுக்கல்ல, பொழுதுபோக்குத் தூண்டில்களுக்கே. இருப்பு சரிந்தது தெரியவந்ததும் 2020இல் நாளொன்றுக்கு 15 மீன் என்றிருந்த வரம்பு 3 ஆனது.

பாலத்தில் நிற்பவர் முறையிட நியாயமான இடமும் இங்கேதான் இருக்கிறது. அதே ஆண்டு, வாடகைப் படகில் கட்டணம் கட்டிப் போனவருக்கு வரம்பு 5. பாலத்துக்காரருக்கு 3தான். ஒரு மீனுக்குத் தடை வந்தால் படகு வேறு மீனைத் தேடி வேறு ஆழத்துக்குப் போகும். பாலமோ நின்ற இடத்திலேயே நிற்கும், அதன் கீழ் வருவதுதான் கிடைக்கும்.